முதல் ஆல்பம் மாதிரி வராது

மலாக்காவில் 'முதல் ஆல்பக்காரர்' என்று ஓர் இனம் வாழ்கிறது. இதில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு. தோட்டத்திலும் உண்டு, தாமான் என்கிற நகரக் குடியிருப்பிலும் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். ஏதாவது ஓர் உணவுக்கடையில் உட்கார்ந்து, வானொலியில் பாட்டு ஓடும்போது, "இந்தப் பாட்டு நல்லா இருக்கே" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்கும். திரும்பினால் ஒருவர் தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே உங்களை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். "நல்லாத்தான் இருக்கு" என்பார். பிறகு ஓர் இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் நீங்கள் ஒரு ரொட்டி சானாயைத் தின்று முடித்துவிடலாம். "ஆனா முதல் ஆல்பம் மாதிரி வராது லா."

அவரேதான்.

ஒரு இசைக்குழு முப்பது பேர் முன்னால் பாடும்போது இவர் அதைக் கண்டுபிடிப்பார். "இவ்வளவு நல்லா பாடுறாங்க, யாருமே கவனிக்கலையே" என்று அலுவலகத்திலும், கல்யாண வீட்டிலும், பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டும் புலம்பி, மூவாயிரம் பேரைக் கேட்க வைத்துவிடுவார். அந்த மூவாயிரமாவது ஆள் வந்து சேர்ந்த மறுநாளே, "இப்ப எல்லாரும் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, பழைய மாதிரி இல்ல" என்று விலகிவிடுவார். பாட்டோடு நிறுத்திக்கொள்வாரா? மாட்டார். நாசி லெமாக் கடை திறந்த முதல் வாரத்துச் சம்பல்தான் சம்பல். புதுப் பாதிரியார் வந்த முதல் ஞாயிறு வைத்த பிரசங்கம்தான் பிரசங்கம். அதற்குப் பிறகு சம்பலும் பாதிரியாரும் இறங்குமுகம்தான்.

எனக்குத் தெரிந்த முதல் ஆல்பக்காரர்களில் தலைசிறந்தவர் அம்புரோஸ். புக்கிட் காத்திலில் எங்கள் வரிசையிலேயே குடியிருக்கிறார், வயது நாற்பத்தேழு, நாற்காலி மேசை விற்கும் ஒரு கம்பெனியின் கிடங்கில் மேற்பார்வையாளர். அவர் மனைவி பிரிஜிட் மழலையர் பள்ளி ஆசிரியை. நாள் முழுதும் நான்கு வயதுக் குழந்தைகளோடு பேசிப் பழகியதால், அடம் பிடிக்கும் யாரையும் கண்டு அஞ்சாதவர்.

அம்புரோஸ் கண்டுபிடித்த குழுவின் பெயர் ஒன்பதாங்கட்டை, அதாவது ஒன்பதாவது மைல். ரெம்பியாப் பக்கத்துப் பிள்ளைகள் மூவர்: எழுதிப் பாடுகிற ஷெர்லீன், கிட்டார் வாசிக்கும் திவாகர், உறுமியும் டிரம்ஸும் அடிக்கும் ஹாசிக். உறுமியையும் மின்சாரக் கிட்டாரையும் ஒன்றாக வைத்து அவர்கள் செய்ததை நாட்டுப்புற ராக் என்கிறார்கள். ரெம்பியாவில் கோயில் உணவுச் சந்தையில் அவர்கள் முதன்முதலாகப் பாடியபோது கேட்க நின்றவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் அம்புரோஸ். இந்தக் கதையை அவர் வருடா வருடம் சொல்கிறார். வருடா வருடம் கூட்டம் குறைகிறது. இரண்டாம் வருடம் ஏழு பேர். போன வருடம் நான்கு பேர், அதிலும் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். இந்த வேகத்தில் போனால் சீக்கிரமே ஷெர்லீனும் அங்கே இல்லாமல் போய், அம்புரோஸ் மட்டும் நின்று அம்புரோஸின் பாட்டைக் கேட்டதாக முடியும்.

ஐந்து வருடங்களுக்கு முன் அவர்களுடைய முதல் ஆல்பம், 'மங்கு நிறையும் நேரம்', வெளிவந்தது. மங்கு என்றால் ரப்பர்ப் பால் வடியும் கிண்ணம். தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிய பாட்டுகள். திவாகருடைய மாமாவின் திரைச்சீலைக் கடையில், பின்னறையில், தொங்கும் துணிகளுக்கு நடுவே பதிவு செய்தார்கள். அம்புரோஸ் அதை உயிராகக் கருதினார். "நம்ம மண்ணு லா இது, நம்ம வேர்" என்பார். அம்புரோஸ் பிறந்தது மலாக்கா பெரிய மருத்துவமனையில், வளர்ந்தது தாமானில், ரப்பர் மரத்தை அவர் நெருங்கிப் பார்த்தது, நெடுந்தூரப் பயணத்தில் அவசரத்துக்குக் காடியை ஓரம் கட்டியபோதுதான். ஆனால் வேர் என்று வந்துவிட்டால் அதையெல்லாம் கேட்கக் கூடாது.

'ஒன்பதாங்கட்டை உண்மை ரசிகர்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழுவையும் அவர் தொடங்கினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். வெறும் 'ஒன்பதாங்கட்டை ரசிகர்கள்' என்ற குழுவில் அதைவிட இரண்டு மடங்கு ஆட்கள். அவர்கள் பொய் ரசிகர்கள் என்பது பெயரிலேயே விளங்குமே.

இந்த வருடம் இரண்டாவது ஆல்பம் தயாரானது. பெயர், 'தாமான் நாய்கள்'.

இதற்காக ஷெர்லீன் காப்புறுதி அலுவலக வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. மாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்துக்கொண்டு, பகலெல்லாம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குத் தங்கா பத்துவில் கடற்கரைக்குப் பக்கத்து மண்டபம், ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி, அனுமதி இலவசம், வருவதாக இருநூறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பினாங்கிலிருந்து ஓர் இசைவிழா ஏற்பாட்டாளர் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் குழுவுக்கு ஒரு பெரிய மேடை கிடைக்கும். பிடிக்காவிட்டால் ஷெர்லீன் மறுபடி காப்புறுதிப் படிவங்களை நிரப்பப் போக வேண்டியதுதான்.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஷெர்லீன் ஒரு காரியம் செய்தார். முழு ஆல்பத்தையும் அம்புரோஸுக்கு மட்டும் முன்கூட்டியே அனுப்பினார். "அங்கிள், எங்கள மொதல்ல கேட்டது நீங்கதான். இதையும் நீங்கதான் மொதல்ல கேக்கணும்."

அந்த வியாழக்கிழமை அம்புரோஸ் மேல்சட்டையைக் கழற்றி மாட்டி, மின்விசிறியைக் குறைத்து, கண்ணை மூடி, முதல் பாட்டைப் போட்டார். மற்றதைப் பிரிஜிட் அக்கா எனக்குச் சொன்னார். நாற்பது விநாடி ஓடியதாம். நாற்பதாவது விநாடியில் ஒரு வயலின் வந்ததாம். அம்புரோஸ் கண்ணைத் திறந்தாராம். பாட்டை நிறுத்திவிட்டு, இழவு வீட்டுக்குப் போய் வந்தவர்போல் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் எழுதினாராம்.

குழுவில் வந்த அந்த எழுத்தை நானும் படித்தேன். 'நம் ஷெர்லீன் நம்மை விட்டுப் போய்விட்டார்' என்று அது தொடங்கியது. வயலின் ஒரு நகரத்து நோய் என்றது. மண்வாசனைக்குப் பதில் வாசனைத் தைலம் என்றது. நாயின் பெயரை யாராவது ஆல்பத்துக்கு வைப்பார்களா என்று கேட்டது. முதல் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டில், பின்னணியில் மெல்லக் கேட்குமே ஒரு டக்-டக்-டக், 'மண்ணின் நாடித்துடிப்பு', அதை இனி யார் தருவார் என்று கண்ணீர் வடித்து முடிந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் அம்புரோஸைத் தவிர ஒருவரும் அந்த ஆல்பத்தைக் கேட்டிருக்கவில்லை. அதனால் என்ன? எல்லோரும் சேர்ந்து துக்கம் அனுசரித்தார்கள். "அப்பவே நெனச்சேன்" என்றார் ஒருவர். "பெரிய ஆளாயிட்டா இப்படித்தான்" என்றார் இன்னொருவர். நானும் ஓர் அழுமூஞ்சிப் படம் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள், எல்லோரும் போட்டார்கள்.

அடுத்த புதன்கிழமைக்குள் இருநூறு பெயர் எழுபத்து நான்காகக் குறைந்தது.

இது அம்புரோஸுக்கு எப்படித் தெரிந்தது? ஹாசிக்கின் தகப்பனார் தாவூது, எங்கள் தாமான் முனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். விழாவுக்குப் பிரியாணி அவர் பொறுப்பு. அம்புரோஸ் வெங்காயம் வாங்கப் போனபோது, எடை போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"தம்பி, நீ எழுதினத மகன் படிச்சுக் காட்டினான். பாட்டு பூராவும் கேட்டியா?"

"ஆரம்பத்துலயே தெரிஞ்சு போச்சு பாய். அதுக்கு மேல கேக்கத் தேவையில்ல."

"அப்படியா" என்றார் தாவூது. "எனக்குப் பாட்டு தெரியாது. ஆரஞ்சுப் பெட்டி வந்தா, அடிவரைக்கும் கொட்டிப் பாத்துட்டுத்தான் நான் லோரிக்காரன ஏசுவேன்." பையைக் கட்டிக் கொடுத்தார். "எறநூறு பேருக்குச் சொன்ன பிரியாணி. இப்ப எம்பது போதும்ன்றான் ஹாசிக். சொல்லிட்டு ரூமுக்குள்ள போனவன், சாப்பாட்டுக்கும் வெளிய வரல."

அம்புரோஸ் வெங்காயத்தோடு வீட்டுக்கு வந்தார். இனத்தின் இலக்கணப்படி, தன்னால் ஒன்று நேர்ந்தது என்று தெரிந்ததும், தான் சொன்னது இன்னும் சரி என்று தோன்றியது. "உண்மையச் சொன்னா வலிக்கத்தான் செய்யும்" என்றார் மனைவியிடம். பிரிஜிட் அக்கா வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். அவர் ஒன்றும் சொல்லாதபோதுதான் அந்த வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள்.

சனிக்கிழமை பிற்பகல், விழாவுக்கு முதல் நாள், ஷெர்லீனே வந்துவிட்டார். சண்டைக்கு வரவில்லை. செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அங்கிள், நான் கோவமா வரல. எங்க தப்பு பண்ணோம்னு தெரிஞ்சா, நாளைக்கு மேடையிலயாவது மாத்திப் பாடலாம். அதுக்குத்தான் வந்தேன்."

அம்புரோஸ் தொண்டையைச் செருமினார். "மொத்தமா ஃபீல் இல்லமா. பழைய உயிரு இல்ல."

"எந்தப் பாட்டுல?"

"எல்லாத்துலயும்தான்."

"ஆறாவது பாட்டு எப்படி இருந்துச்சு? அதுக்குத்தான் எனக்கு ரொம்ப நாள் புடிச்சது."

அம்புரோஸ் கூரையைப் பார்த்தார். நினைவுபடுத்திக்கொள்பவரைப்போல் தலையை ஆட்டினார். "அதுலயும் வயலின் கொஞ்சம் ஜாஸ்திமா."

ஷெர்லீன் மெல்லச் சொன்னார். "ஆறாவது பாட்டுல வயலினே இல்ல அங்கிள். கிட்டார், உறுமி எதுவுமே இல்ல. என் குரல் மட்டும்தான்."

சமையலறை வாசலில் கோப்பித் தட்டோடு நின்ற பிரிஜிட் அக்கா அப்படியே நின்றார். அம்புரோஸின் காதுமடல் சிவந்தது. இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் இப்படிப் பிடிபடுவது அபூர்வம்; பிடிபட்டால் தப்பிக்க ஆயிரம் வழி உண்டு. 'நான் ஏழாவதைச் சொன்னேன்' என்று சொல்லியிருக்கலாம். 'வயலின் இல்லாமலே வயலின் போல ஒலித்தது' என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நம் விமர்சகர்கள் இதைவிடப் பெரியதெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அம்புரோஸ் சொல்லவில்லை. இதற்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு.

"நான் கேக்கல" என்றார். "நாப்பது செகண்டுதான் கேட்டேன். அதுக்கு மேல கேக்க முடியல."

"அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"இல்லமா. பழசு மாதிரி இல்ல. அதான்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்க முதல் ஆல்பம் வந்த வருஷம் என் ஃபேக்டரிய மூடிட்டான். வீட்டுல சொல்லல. ரெண்டு மாசம், காலையில யூனிஃபார்ம் போட்டு, சாப்பாடு கட்டிக்கிட்டு, தங்கா பத்து கடற்கரைக்குப் போயிருவேன். காடியிலயே ஒக்காந்திருப்பேன், ஆறு மணி வரைக்கும். அந்த ரெண்டு மாசமும் ஒங்க பாட்டுதான். வேற யாரும் கூட இல்ல."

ஷெர்லீன் பிரிஜிட் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா தட்டை மேசையில் வைத்தார்.

"தெரியும்" என்றார்.

அம்புரோஸ் நிமிர்ந்தார்.

"காடி கார்ப்பெட்ல தினம் மணலு. சாப்பாட்டு டப்பாவுலயும் மணலு. கம்பி சுத்துற ஃபேக்டரியில எங்கேர்ந்து வரும் மணலு? மொத வாரமே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. சரின்னு, கூட ஒரு முட்டை அவிச்சு வச்சேன்."

அந்த இரண்டு மாதமும் டப்பாவில் இரண்டு முட்டை இருந்தது அம்புரோஸுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்; கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

ஷெர்லீன் கோப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். குடிக்கவில்லை. "அங்கிள், நான் ஒண்ணு சொல்லட்டுமா? அந்த ஆல்பத்த இப்பக் கேட்டா எங்களுக்கு வெக்கமா இருக்கும். மூணாவது பாட்டுல டக்-டக்னு வருதுல்ல, நீங்க மண்ணோட நாடித்துடிப்புன்னு எழுதியிருந்தீங்க. அது திவாகரோட அத்தை தையல் மெஷின். தீபாவளி ஆர்டர் இருந்துச்சு, நிறுத்த மாட்டேன்னுட்டாங்க."

முதலில் சிரித்தது பிரிஜிட் அக்கா. பிறகு ஷெர்லீன். கடைசியாக, வேறு வழியில்லாமல், அம்புரோஸ்.

ஷெர்லீன் போனதும் அம்புரோஸ் வாசலில் நின்ற காடியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, ஆல்பத்தை ஆரம்பத்திலிருந்து போட்டார். ஆறாவது பாட்டு வந்தபோது பிரிஜிட் அக்காவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுதான் 'தாமான் நாய்கள்' என்ற பாட்டு. ஒவ்வொரு வீட்டுக் காடியின் சத்தமும் தெரிந்து வைத்திருக்கும் தெரு நாய்களைப் பற்றியது.

*ஆறு மணிக்கு வரும் காடி மூணு மணிக்கு வந்தா*
*என்னான்னு கேக்குறது வாசல் நாய் மட்டும்தான்*

ஷெர்லீன் யாரை நினைத்து எழுதினாரோ, அம்புரோஸை நினைத்து எழுதவில்லை. அம்புரோஸ் அந்தப் பாட்டை நான்கு முறை கேட்டார். அக்கா நான்கு முறையும் இறங்கவில்லை.

அன்று மாலையே அவர் ஷெர்லீனைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, குழுவில் எழுதினார். இந்த முறை ஐந்தே வரி. 'நான் நாற்பது விநாடி மட்டும் கேட்டுவிட்டு எழுதினேன். அது தவறு. இப்போது முழுவதும் கேட்டேன். ஆறாவது பாட்டுக்காகவாவது நாளை எல்லோரும் வாருங்கள். ஷெர்லீனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.'

இதற்குப் பிறகு முந்நூறு பேரும் மனம் திருந்தினார்கள் என்று நான் எழுதினால் நீங்கள் நம்புவீர்களா? அவர்களை வளர்த்தது அம்புரோஸ். "அண்ணன் வெல போயிட்டாரு" என்று ஒருவர் எழுதினார். "பிரியாணி வேலை செய்யுது" என்றார் ஒருவர். ரெம்பியாவிலிருந்து நிவேந்திரன் என்ற தீவிர ரசிகர் எழுதியதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை: "அண்ணே, உங்க முதல் விமர்சனத்துல இருந்த அந்த உயிர் இதுல இல்ல. முன்ன மாதிரி நீங்க எழுதுறதில்ல."

அம்புரோஸ் அதைப் படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தாராம். "இப்படித்தான் இருக்குமா?" என்று மனைவியிடம் கேட்டாராம். "எப்படி?" என்று அக்கா கேட்க, "ஒண்ணுமில்ல" என்றாராம். பிறகு நிவேந்திரனுக்கு ஃபோன் போட்டார். ஒருவரை அல்ல, இரவுச் சாப்பாட்டுக்கு முன் இருபத்தாறு பேரைக் கூப்பிட்டார். "எனக்காக வர வேண்டாம். நாப்பது நிமிஷம் ஒக்காந்து கேளு, புடிக்கலன்னா எழுந்து போயிரு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் மண்டபத்தில் தொண்ணூற்றொரு பேர். இருநூறு நாற்காலியில் அது நிறைய இல்லை. ஆனால் ஹாசிக் அடித்த உறுமியில் பின்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தது யாருக்கும் தெரியவில்லை. வயலின் வந்தது. யாரும் சாகவில்லை. ஆறாவது பாட்டை ஷெர்லீன் ஒலிவாங்கியைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் குரலில் பாடினார். வெளியே கடற்கரை நாய் ஒன்று குரைத்தது, யாரும் சிரிக்கவில்லை. அம்புரோஸ் கைதட்டவில்லை; அவர் கை பிரிஜிட் அக்காவின் கையில் இருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த நிவேந்திரன், நாற்பது நிமிடம் கடந்தும் எழுந்து போகவில்லை.

பினாங்கு ஏற்பாட்டாளர் பிரியாணி சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார். பிரியாணியையா பாட்டையா என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அழைப்பு வந்தது. பெரிய மேடை இல்லை. பிற்பகல் மூன்று மணிக்குச் சின்ன மேடை. ஷெர்லீன் அதை வாங்கிக்கொண்டார். காப்புறுதி அலுவலகத்துக்கு இன்னும் திரும்பிப் போகவில்லை.

அம்புரோஸ் திருந்திவிட்டாரா? போன வாரம் தாவூதின் கடை வாசலில் ஒருவரிடம் அவர் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "ரெண்டாவது ஆல்பம் வெளிய வர்றதுக்கு முன்னாடியே கேட்டவன் நான். இப்பத்தான எல்லாரும் நல்லா இருக்குன்றாங்க." தாவூது பாய் உள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே ஆரஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் எதையும் முழுதாகக் கேட்டு, முழுதாகப் படித்து, பிறகே பேசுகிறவர். இதையும் கடைசி வரி வரைக்கும் வந்துவிட்டீர்களே. ஒன்றே ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். நடுவில் எங்கோ, அந்த முட்டை வந்த இடத்திலோ அதற்குப் பிறகோ, 'ஆரம்பத்தில் நல்ல கேலியாகத்தான் போனது, அப்புறம் இதை எழுதுகிற ஆளுக்கு என்ன ஆச்சு' என்று உங்களுக்குள் யாரோ ஒருவர் உதட்டைப் பிதுக்கினாரா?

வாருங்கள். தே தாரிக் மேசையில் நான் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன்.